ஒரே வெள்ளம், வேறு வேறு கிளெய்ம்: 2015 டிசம்பர் சென்னை

2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தக் கதையை மறுபடி சொல்லத் தேவையில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறப்பு, அடையாறு கரையைத் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று போகிற வழியெல்லாம் தரைத்தளங்களை மூழ்கடித்தது. விமான நிலையத்தையே சில நாள் மூடி வைத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு இன்னொரு கதை ஆரம்பித்தது. அதுதான் இன்சூரன்ஸ் கிளெய்ம். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வெள்ளத்துக்காக வந்த கிளெய்ம்கள் சுமார் 50,000, கேட்கப்பட்ட தொகை 5,000 கோடி ரூபாயை ஒட்டி இருந்தது. எண்ணிக்கையில் வண்டிகள் அதிகம், தொகையில் தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் அதிகம். ஒரே தெருவில், ஒரே உயரத்துக்குத் தண்ணீர் நின்ற இடத்தில், ஒருவருக்குக் கேட்டது கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது, பக்கத்துக் கடைக்காரருக்குப் பாதி, எதிர்வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. நிறைய பேர் இதை "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் நடந்தது வேறு: தான் வைத்திருக்கும் பாலிசி எந்த ரகக் கிளெய்முக்கு உரியது, அதில் பணம் எப்படிக் கணக்கிடப்படும் என்பது பாலிசிதாரருக்கு வெள்ளம் வரும்வரை தெரியாது.

மேலோட்டமாகப் பார்த்தால் மோட்டார், ஹெல்த், லைஃப், வீடு, கடை என்று பெயர்களாகப் பிரிக்கலாம். ஏஜென்ட் விற்கும்போது அப்படித்தான் பிரிப்பார். கிளெய்ம் நேரத்தில் அந்தப் பிரிவினை அவ்வளவாக உதவாது. பணம் எந்த அடிப்படையில் வருகிறது என்று பார்த்தால் மூன்றே ரகம். முதலாவது, ஆன நஷ்டத்தை ஈடுகட்டுவது. எவ்வளவு நஷ்டம் என்று காட்டினால்தான் பணம், அதற்கு மேல் ஒரு பைசா வராது. இரண்டாவது, முன்கூட்டியே பேசி வைத்த தொகையைக் கொடுப்பது. சம்பவம் நடந்ததா என்பதுதான் கேள்வி, நஷ்டம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாவது, நம்மால் இன்னொருவருக்கு வந்த நஷ்டத்தை நமக்குப் பதிலாகக் கட்டுவது. சென்னை வெள்ளத்தில் இந்த மூன்றும் ஒரே வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

மூன்றாவது ரகத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது வெள்ளத்தில் யாருக்கும் உதவவில்லை. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ். மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம், போலீஸ் நிறுத்திக் கேட்பதும் அதைத்தான். அதனால் நிறைய பைக்குகளுக்கு அது ஒன்றுதான் இருந்தது. அந்தப் பாலிசி உங்கள் வண்டி இடித்து அடிபட்டவருக்கானது. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்த பைக் மூழ்கினால் அதில் மூன்றாம் நபர் யார்? ஒருவரும் இல்லை. எனவே கிளெய்மும் இல்லை. இதில் இப்போது ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக் வாங்கும்போதே 5 வருடத்துக்கும், காருக்கு 3 வருடத்துக்கும் தேர்டு பார்ட்டி சேர்த்தே எடுக்க வேண்டும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி மட்டும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு இருக்கும். "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சு" என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் வருடம் சொந்தச் சேதப் பகுதியைப் புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்கள் எக்கச்சக்கம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி ஒன்று வரும்போதுதான் அது தெரியவரும்.

சரி, காருக்கு வருவோம். 2015இல் அதிகம் சண்டை நடந்த இடம் இதுதான்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை, சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் எப்படிப் பார்க்கிறார் என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று கவனித்தால் நிறைய புரியும். வெளியே கழுவித் துடைத்திருந்தாலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பார். சுருளுக்குள் இருக்கிற பகுதியை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள், அதில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பார், ஃபியூஸ் பாக்ஸைத் திறப்பார், ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தண்ணீர் தரை மட்டம் வரையா, சீட் வரையா, டேஷ்போர்டு வரையா என்பதை வைத்தே கணக்கு பாதி முடிந்துவிடும். சீட்டைத் தாண்டினால் வயரிங், கன்ட்ரோல் யூனிட்கள், ஏர்பேக் சென்சார் எல்லாம் வரிசையாக எஸ்டிமேட்டில் ஏறும்.

இதில் இரண்டு கோடுகள் முக்கியம். ஒன்று 75 சதவீதக் கோடு. பாலிசி எடுக்கும்போது காருக்கு ஒரு மதிப்பு எழுதுகிறார்கள், ஐடிவி என்று. ரிப்பேர் செலவு அந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுசாகப் போனதாகக் கணக்கு. உதாரணத்துக்கு ஐடிவி 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வொர்க்‌ஷாப் எஸ்டிமேட் 3,20,000 வந்தால் 80 சதவீதம், டோட்டல் லாஸ். கட்டாயக் கழிவாக 1,000 அல்லது 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி வந்துவிடும், வண்டி கம்பெனி பக்கம் போய்விடும். அதே எஸ்டிமேட் 2,80,000 என்றால் 70 சதவீதம், ரிப்பேர்தான். ரிப்பேர் என்றால் தேய்மானம் கழியும்: பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதி, உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, 3 முதல் 4 வருட வண்டி என்றால் 25 சதவீதம். "பம்பர் டு பம்பர்" என்று விற்கப்படும் தேய்மானமில்லாத பாலிசி இருந்தால் இந்த அடி பெரும்பாலும் தவிரும். இல்லாதவர் லட்சக்கணக்கில் கைக்காசு போட்டு, அதற்குப் பிறகும் எப்போது எந்த சென்சார் போகும் என்று தெரியாத ஒரு காரை ஓட்ட வேண்டும். அதனால்தான் 2015 டிசம்பரில் எல்லோரும் டோட்டல் லாஸ் பக்கம் தள்ளப் பார்த்தார்கள், கம்பெனிகள் ரிப்பேர் பக்கம் இழுத்தன. 72, 74 என்று நின்ற எஸ்டிமேட்களில்தான் பேச்சுவார்த்தை நீண்டது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கோடு அங்கே போட்டிருக்கிறார்கள், அதன் இரண்டு பக்கமும் பணம் இவ்வளவு வேறுபடுகிறது என்றால் இழுபறி நடக்கத்தான் செய்யும்.

இரண்டாவது கோடு இன்ஜின். நின்றுகொண்டிருந்த காரில் தண்ணீர் புகுந்தால் இன்ஜினைத் திறந்து கழுவி ஆயில் மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். அதே காரை வடிந்ததும் ஒரு ஆவலில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால் கதை வேறு. சிலிண்டருக்குள் போன தண்ணீரைக் காற்றைப் போல அழுத்த முடியாது, பிஸ்டன் மேலே வந்து அதில் மோதி கனெக்டிங் ராட் வளைகிறது. மெக்கானிக்குகள் இதை ஹைட்ரோ லாக் என்கிறார்கள். சாதாரண பாலிசியில் கம்பெனியின் வாதம்: வெள்ளம் செய்த சேதத்துக்குப் பணம் தருகிறோம், வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் சாவியைத் திருப்பியதால் வந்த சேதத்துக்கு இல்லை. இன்ஜின் புரொடெக்‌ஷன் என்று தனியாக ஒரு சேர்ப்பு வாங்கியிருந்தவர்களுக்கு மட்டும் அந்தச் செலவு கிடைத்தது. 2015க்கு முன்னால் சென்னையில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. இப்போது ஏஜென்ட்டே முதலில் அதைத்தான் சொல்கிறார், மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

டோட்டல் லாஸ் வாங்கியவர்கள் பலர் கோட்டைவிட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. மூழ்கிய கார்கள் சால்வேஜாக, அதாவது சேதமான மிச்சப் பொருளாக, ஏலத்தில் போயின, வெளியூர் வியாபாரிகள் எடுத்துப் போனார்கள். காசு வந்துவிட்டது என்று ஓனர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆர்.சி. பெயர் மாறியதா என்று பார்க்காமல் விட்டால், அந்த வண்டியை எங்கோ யாரோ சரிசெய்து ஓட்டி விபத்து நடக்கும்போது நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்கு வரும். அப்போது தேர்டு பார்ட்டி பாலிசியும் இருக்காது. வண்டி மேல் கடன் இருந்தால் காசோலை முதலில் பைனான்ஸ் கம்பெனிக்குப் போகும், பாக்கி இருந்தால்தான் உங்களுக்கு.

கடைகள், குடோன்கள், பட்டறைகள் பக்கம் வந்தால் அதே நஷ்ட ஈட்டு ரகம்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். காருக்கு ஐடிவி என்று ஒரு தொகையில் இரண்டு தரப்பும் முன்பே ஒத்துக்கொண்டாயிற்று. கடைச் சரக்கில் அப்படி எதுவும் இல்லை. வெள்ளத்தன்று காலையில் கடைக்குள் எவ்வளவு சரக்கு இருந்தது என்பதை வெள்ளத்துக்குப் பிறகு நிரூபிக்க வேண்டும், அதை நிரூபிக்கிற பில் புத்தகமும் அதே தண்ணீரில் போயிருக்கும்.

அப்போது இதற்கு இருந்த வழக்கமான பாலிசியின் பெயரே தீ பாலிசி. பேரைப் பார்த்துவிட்டு "நெருப்புக்குத்தானே, வெள்ளத்துக்கு எப்படி" என்று கிளெய்மே போடாமல் விடுகிறவர்கள் உண்டு. அதில் புயல், வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் உள்ளடக்கம். இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு: பிரீமியம் குறைய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே வெள்ளப் பகுதியை நீக்கச் சொல்லிவிட அந்தப் பாலிசியில் வழி இருந்தது. சென்னையில் எங்கே வெள்ளம் வரப்போகிறது என்று நினைத்து நீக்கியவருக்கு, கையில் பாலிசி இருந்தும் பிரயோஜனமில்லை.

கணக்கு போடும் விதத்தை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்ப்போம். கடையில் உண்மையில் 20 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது, பாலிசி 10 லட்சத்துக்கு எடுத்திருக்கிறார். வெள்ளத்தில் 8 லட்சச் சரக்கு போய்விட்டது. "பத்து லட்சத்துக்குள்தானே நஷ்டம், எட்டு லட்சம் முழுசா வரும்" என்று அவர் நினைப்பார். வராது. 20 லட்சம் உள்ள இடத்தில் 10 லட்சத்துக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார், அதாவது பாதிக்கு. மீதிப் பாதிக்கு அவரே தனக்கு இன்சூரன்ஸ் கம்பெனி என்று வைத்துக்கொண்டு 8 லட்சத்தில் பாதி, 4 லட்சம்தான் கணக்கில் எடுப்பார்கள். அதிலும் இயற்கைச் சீற்றம் என்பதால் 5 சதவீதம், குறைந்தது 10,000 ரூபாய், கழிவு. கைக்கு வருவது 3,80,000. நனைந்த சரக்கை ஏதாவது விலைக்கு விற்க முடியுமென்றால் அதையும் முதலிலேயே கழித்துவிடுவார்கள். கட்டின பிரீமியத்துக்கு இது நியாயமான கணக்குதான், ஆனால் பாலிசி விற்கும் அன்று யாரும் இதைக் கடைக்காரருக்கு உட்கார்ந்து விளக்குவதில்லை.

அப்புறம் இதில் யாரும் வெளியே பேசாத ஒரு சங்கடம். வங்கியில் ஓ.டி. (சரக்கை ஈடாகக் காட்டி எடுக்கும் கடன் வரம்பு) வைத்திருக்கும் கடைக்காரர் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். லிமிட் குறையக் கூடாதே என்று அதில் சரக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவார். அப்போது ஜி.எஸ்.டி. இல்லை, வாட் என்ற விற்பனை வரிதான், அந்தக் கணக்கிலும் வருமான வரிக் கணக்கிலும் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருப்பார். சர்வேயர் இரண்டையும் கேட்டு வாங்குகிறார். ஒன்றில் 20 லட்சம், இன்னொன்றில் 9 லட்சம். எதை நம்புவது? கடைக்காரர் எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் மாட்டிக்கொள்கிறார். நஷ்டத்துக்குக் குறைந்த எண்ணையும், சரக்கின் மொத்த மதிப்புக்குக் கூடுதல் எண்ணையும் எடுத்துக்கொண்டால் கிளெய்ம் இரண்டு பக்கமும் தேய்ந்துவிடும். இந்த மாதிரி நேரங்களில் உதவியது சப்ளையர்களிடமிருந்து திரும்ப வாங்கிய பில் நகல்களும், ஆடிட்டர் ஆபீஸ் மாடியில் இருந்ததால் தப்பித்த கணக்குகளும்தான். தண்ணீர் வடிந்ததும் அவசர அவசரமாகச் சரக்கை அள்ளித் தெருவில் கொட்டிவிட்டுக் கடையைக் கழுவியவர்களைவிட, நாற்றத்தைச் சகித்துக்கொண்டு போட்டோ எடுத்து, சேற்றுக் கோடு சுவரில் இருக்கும்போதே சர்வேயரை வரவழைத்தவர்கள் பரவாயில்லை. அப்போதைய விதிப்படி 72 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் இருக்கிற சர்வேயர்கள் போதாமல் வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள்.

கடன் கொடுத்த வங்கியே எடுத்துக் கொடுத்த பாலிசிகளில் விலாசம் தப்பாக இருக்கும். கடை ஓரிடம், குடோன் இன்னோரிடம், பாலிசியில் கடை விலாசம் மட்டும். சரக்கு போனதோ குடோனில். இது சின்ன எழுத்துப் பிழை மாதிரித் தெரியும், கிளெய்மைப் பொறுத்தவரை சரக்கு இன்சூர் செய்யப்படாத இடத்தில் இருந்ததாகத்தான் அர்த்தம். இன்னொன்று, தீ பாலிசி பொருளுக்குத்தான் பணம் தரும். மூன்று வாரம் கடை மூடிக் கிடந்ததால் போன வியாபாரத்துக்கு இல்லை. அதற்கு லாப இழப்புப் பாலிசி என்று தனியாக உண்டு, பெரிய தொழிற்சாலைகள் வைத்திருந்தன, சின்னக் கடைகள் அநேகமாகக் கேள்விப்பட்டதே இல்லை.

வீடுகளுக்குச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் பாலிசி எடுத்திருந்தவர்களே மிகக் குறைவு. வீட்டுக் கடன் வாங்கியவர்கள் சிலருக்கு வங்கி மூலமாகக் கட்டடத்துக்கு மட்டும் தீ பாலிசி இருந்தது, அது இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ஏமாற்றம்: சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது, போனது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோவுக்குள் இருந்த துணிகள். கட்டடப் பாலிசி அதற்கெல்லாம் வராது. வேறு சிலர் "ஹோம் லோன் இன்சூரன்ஸ்" என்று வைத்திருந்தது வீட்டுக்கே இல்லை, கடன்காரர் இறந்தால் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடு. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று வந்த பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் இந்த ஓட்டைகளில் பல அடைபட்டிருக்கின்றன. வெள்ளம் உள்ளடக்கம், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும், 10 லட்சம் வரை. குறைத்து எடுத்ததற்காகப் பாதியாக வெட்டும் மேலே சொன்ன கணக்கும் இதில் கிடையாது. ஒரு நல்ல பாலிசி வந்தும் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மருத்துவக் காப்பீடும் நஷ்ட ஈட்டு ரகம்தான், ஆஸ்பத்திரி பில் வரைக்கும்தான் பணம். அந்த வாரம் அதில் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒன்று நினைவிருக்க வேண்டும்: கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏ.டி.எம். இல்லை. கேஷ்லெஸ், அதாவது நாம் ரொக்கம் கட்டாமல் சிகிச்சை பெறுவது என்பதே ஆஸ்பத்திரிக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் நடுவே தகவல் போய் வந்தால்தான் நடக்கும். தகவல் தொடர்பு அறுந்த இடத்தில் கையில் கார்டு இருந்தும் ரொக்கம் கட்டத்தான் வேண்டியிருந்தது, பிறகு கட்டியதைத் திரும்பக் கேட்கும் ரீஇம்பர்ஸ்மென்ட். ரீஇம்பர்ஸ்மென்ட்டில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில், மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் நோயாளி சேர்த்து அனுப்ப வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று டாக்டரைப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு எதுவும் கிடையாது, 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும். புதிதாக எடுத்த பாலிசியில் முதல் 30 நாளில் வந்த காய்ச்சலுக்கும் கிடையாது, விபத்துக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. 2024இல் வந்த விதிப்படி கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு இருக்கிறது.

இப்போது இரண்டாவது ரகம். உயிருக்கு விலை போட்டு ரசீது காட்ட முடியாது. அதனால் ஆயுள் காப்பீட்டில் தொகை முன்பே பேசப்பட்டது, நஷ்டக் கணக்கு என்று ஒன்று இல்லை. இதன் பெரிய விளைவைப் பலர் கவனிப்பதில்லை: ஒரே சரக்குக்கு இரண்டு தீ பாலிசி இருந்தால் இரண்டு கம்பெனிகளும் நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், இரட்டைப் பணம் வராது. ஒரே ஆளுக்கு மூன்று ஆயுள் பாலிசி இருந்தால் மூன்றுமே முழுசாகக் கொடுக்க வேண்டும். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று குறையுமோ என்று பயந்து மறைக்கத் தேவையே இல்லை. அரசு கொடுத்த 5,000 ரூபாய் நிவாரணத்தையும் இதில் யாரும் கழிக்க மாட்டார்கள்.

2015க்கே உரிய ஒரு விஷயம் இங்கே வருகிறது. அந்த வருடம் மே மாதம்தான் பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்‌ஷா இரண்டு திட்டங்களும் தொடங்கப்பட்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஜீவன் ஜோதிக்கு வருடம் 330 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சுரக்‌ஷாவுக்கு 12 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். இப்போது 436, 20. வங்கியில் கேட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார், கணக்கிலிருந்து தானாகப் பணம் போயிருக்கும், வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். வெள்ளத்தில் மூழ்கியோ கரண்ட் அடித்தோ இறந்த ஒருவர் இரண்டிலும் சேர்ந்திருந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் வர வேண்டும். இது பாஸ்புக்கில் ஒரு சின்ன வரியாக இருக்கும், தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். இறப்பு நடந்த வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து, இறந்தவரின் எல்லா வங்கிக் கணக்குகளின் ஒரு வருட வரவு செலவையும் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இயற்கையான இறப்புக்கும் விபத்து இறப்புக்கும் காகிதங்கள் வேறு என்பதும் இங்கே முக்கியம். ஜீவன் ஜோதிக்கும் சாதாரண ஆயுள் பாலிசிக்கும் இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளம், பாலிசி இருந்தால் போதும். ஒரிஜினல் பாலிசி வெள்ளத்தில் போயிருந்தால் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கலாம். சுரக்‌ஷாவுக்கும் விபத்து சேர்ப்புக்கும் எஃப்.ஐ.ஆரும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் கேட்பார்கள். "பாடியை அறுக்க வேண்டாம்" என்று குடும்பம் கேட்டுக்கொண்டு அப்படியே அடக்கம் செய்துவிடுவது நம் ஊரில் வழக்கம், அந்த மனநிலையில் யாருக்கும் 2 லட்சம் ஞாபகம் வராது. பிறகு மூழ்கித்தான் இறந்தார் என்று நிரூபிக்க வழியில்லாமல் நிற்பார்கள். உடலே கிடைக்காதவர்களுக்கு இன்னும் சிரமம்; சட்டப்படி ஒருவர் ஏழு வருடம் காணாமல் போனால்தான் இறந்ததாக அனுமானிப்பார்கள். 2013 உத்தராகண்ட் வெள்ளத்துக்குப் பிறகு இந்த மாதிரிப் பேரழிவுகளில் அதிகாரிகள் கொடுக்கும் சான்றை ஏற்றுக்கொள்ளும் நடைமுறை வந்தது. சென்னை வெள்ளத்தின்போதும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கிளெய்ம்களைத் துரிதமாக, எளிய நடைமுறையில் முடிக்கும்படி கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

அதே மழையில் கடலூரிலும் பயிர்கள் அழிந்தன. பயிர்க் காப்பீடு மேலே சொன்ன மூன்று ரகத்திலும் சரியாக உட்காராது. அடிப்படையில் அது உங்கள் வயலில் போனதைப் பார்ப்பதில்லை, உங்கள் பகுதிக்கு என்று அறிவித்த கிராமங்களில் அறுவடைச் சோதனை நடத்தி, சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறது. என் வயல் முழுசா மூழ்கியும் ஊர் சராசரி நன்றாக இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை, ஊர் சராசரி விழுந்தால் நன்றாக விளைந்த என் வயலுக்கும் பணம் வரும். விவசாயிகளின் கோபத்தில் பாதி இந்த விதியின் மேல்தான், அது நியாயமான கோபம் என்றே எனக்குப் படுகிறது.

மறுத்துவிட்டால், அல்லது குறைத்துக் கொடுத்தால் என்ன செய்வது? 2015 வெள்ளத்துக்குச் சில மாதம் முந்தி, செப்டம்பர் மாதம், ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. காசோலை தருமுன் "முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்து வாங்குவார்கள். அதைக் காட்டி, மேற்கொண்டு கேட்கும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது பெரிய விஷயம், ஆனால் பலர் கையெழுத்துப் போட்டதோடு கதை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போடும்போதே "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதி, அன்றே ஒரு மெயிலும் அனுப்பி வைப்பது நல்லது. தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்தால் உண்மையான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2011லேயே சுற்றறிக்கை இருக்கிறது, அதையும் சொல்லிக் கேட்கலாம்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாள் பார்த்துவிட்டு, பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இந்தத் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்பவர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 2015இல் 20 லட்சம் வரை உள்ள தகராறுகளைத்தான் அவர் கேட்க முடியும், இப்போது 50 லட்சம். தனிநபர்களும், சொந்தப் பெயரில் நடத்தும் சிறு கடைக்காரர்களும் போகலாம்; பெரிய கம்பெனிகளும் அதற்கு மேற்பட்ட தொகைகளும் நுகர்வோர் ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும், அங்கே போனால் வருடக்கணக்கில் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.